வெஸ்பா வகை பழைய ஸ்கூட்டரில் பெட்ரோல் டேப் கழற்றி மாற்றுதல்: முறையும் சிக்கல்களும்

மரைப்பிடி

லார்ஜ் ஃபிரேம் (பெரிய உடல் கொண்ட) வெஸ்பா, அதே அமைப்பில் வந்த பழைய பஜாஜ் சேத்தக், எல்எம்எல் வண்டிகள் எல்லாவற்றிலும் பெட்ரோல் டேப் ஒரே விதமாகத்தான் பூட்டப்பட்டிருக்கும். இந்த இழையில் அந்த டேப்பைக் கழற்றுவது, மாற்றுவது, சோதிப்பது மட்டும் பேசுவோம்.

முதலில் அமைப்பு. டேப்பின் உடல் டேங்க்குக்கு அடியில் தொங்கும். அதன் மரை போட்ட கழுத்து டேங்க் துளை வழியாக மேலே ஏறி, பிடிக்கும் நட்டு டேங்க்குக்கு உள்ளே இருக்கும். வெளியே ஸ்பானர் போட இடம் தேடி, டேப்பின் உடலையே பிடித்துத் திருகி உடைப்பவர்கள் அதிகம். நட்டுக்கு மேலே பித்தளைக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். மெயினில் ஓடும்போது பெட்ரோல் அந்தக் குழாயின் உச்சி வழியாக இறங்கும், ரிசர்வில் அடியில் உள்ள துளை வழியாக. குழாய் உயரமாக இருப்பதால் சாதாரண சாக்கெட் நட்டில் உட்காராது. பெட்ரோல் ஊற்றும் வாய் வழியாக விடும் நீள டி-ஹேண்டில் சாவிதான் வேண்டும், அதுவும் உள்ளே குடைவாக இருக்க வேண்டும். வாங்கும் முன் உங்கள் டேப்போடு வரும் நட்டை காலிப்பரில் அளந்துகொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் பெரிய சாவி நட்டின் முனைகளை மழுங்கடித்துவிடும், அதன்பிறகு உள்ளே எதைக்கொண்டும் அதைப் பிடிக்க முடியாது.

கழற்றும் வரிசை:

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பேட்டரி உள்ள வண்டியென்றால் இணைப்பை எடுத்துவிடுங்கள். காற்றோட்டமான இடம், அருகில் தீயோ, பைலட் எரியும் அடுப்போ, கிரைண்டரோ கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து, தூரத்தில் இருக்கும் நெருப்பைக்கூட எட்டும். பக்கத்தில் ட்ரை பவுடர் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும்.

கார்புரேட்டர் பெட்டியின் மூடியைத் திறந்து, டியூபை கார்புரேட்டர் பக்கம் கழற்றி ஒரு கேனில் விடுங்கள். லீவரை ரிசர்வுக்குத் திருப்பி வடியவிடுங்கள். அதன்பிறகும் டேங்க் அடியில் கொஞ்சம் மிச்சம் நிற்கும், டேங்க்கைத் தூக்கும்போது அது நினைவிருக்கட்டும்.

சீட்டை எடுங்கள். டேங்க் விளிம்பில் உள்ள போல்ட்டுகளைக் கழற்றுங்கள். லீவர் கம்பி பாடியில் நுழையும் இடத்து ரப்பரை உள்பக்கமாகத் தள்ளிவிடுங்கள். டேங்க்கைப் பின்பக்கமாக ஒரு சாண் தூக்கிச் சாய்த்தால் டேப் தெரியும். அதன் தண்டையும் லீவர் கம்பியையும் ஒரு ஸ்பிளிட் பின் இணைத்திருக்கும். நீள மூக்குக் குறடால் அதை எடுத்து, கம்பியை வெளிப்பக்கமாக இழுத்துவிட்டால் டேங்க் டியூபோடு கையில் வந்துவிடும்.

சாவி போடுவதற்கு முன் இரண்டு அடையாளம் வையுங்கள். டியூப் மாட்டும் மூக்கு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று டேங்க்கில் மார்க்கரால் ஒரு கோடு. தண்டின் பிளவு மூடிய நிலையில் எப்படி நிற்கிறது என்று ஒரு படம். திரும்பப் பூட்டும்போது தலைவலி முழுக்க இந்த இரண்டில்தான் வரும்.

---

கியர்நாலு

நல்ல தொடக்கம் சார். ஒரு கேள்வி. டேப் மூடியிருந்தும் டியூபில் சொட்டுகிறது என்றால் முழு டேப்பையும் மாற்றத்தான் வேண்டுமா? உள்ளே ரப்பர் மட்டும் மாற்ற முடியும் என்று சொல்கிறார்கள்.

---

துருவாணி

கியர்நாலு, எங்கே சொட்டுகிறது என்பதைப் பொறுத்தது. மூன்று இடங்கள், மூன்று வைத்தியம்.

மூடிய பிறகும் மூக்கு வழியாக வந்தால் உள் ரப்பர் தேய்ந்திருக்கிறது. டேப்பின் முகத்தில் இரண்டு சின்னத் திருகுகள் இருக்கும். அவற்றை எடுத்தால் முகத்தகடு, அலை வடிவ ஸ்பிரிங் வாஷர், சுழலும் தட்டு, துளைகள் போட்ட ரப்பர் என்று வரிசையாக வரும். டேங்க்கை வடித்து இறக்கிவிட்டால் இந்த வேலைக்கு நட்டைத் தொடவே வேண்டாம், டி-ஹேண்டில் சாவியும் தேவையில்லை. சில டேப்புகளில் முகத்தகடு ரிவெட் அடித்து வரும், அவற்றைப் பிரித்துப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

தண்டைச் சுற்றிக் கசிந்தாலும் இதே இடம்தான். ஸ்பிரிங் வாஷர் தட்டையாகிவிட்டது, அல்லது திருகு தளர்ந்திருக்கிறது.

டேங்க்கும் டேப்பும் சேரும் இடத்தில் ஈரம் என்றால் வாஷர். அதற்குத்தான் மரைப்பிடி சொன்ன முழு வேலையும்.

எங்கே என்று கண்டுபிடிக்க: எல்லாவற்றையும் துடைத்து உலரவிட்டு, டேப்பின் மேல் விளிம்பைச் சுற்றி டிஷ்யூ தாளைக் கயிறாக முறுக்கிக் கட்டுங்கள். முகத்தகட்டின் கீழே இன்னொன்று. டியூப் மாட்டும் இடத்தில் ஒன்று. அரைமணி நேரம் விட்டுப் பார்த்தால் எது நனைந்தது என்று தெரிந்துவிடும். பெட்ரோல் எப்போதும் மிகத் தாழ்ந்த முனைக்கு வந்துதான் சொட்டும். அதனால் சொட்டும் இடத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் தவறான பகுதியை மாற்றுவீர்கள்.

ரப்பரை மாற்றும்போது சுழலும் தட்டின் முகத்தையும் பாருங்கள். அதில் வட்டக் கீறல் இருந்தால் புது ரப்பரும் சீக்கிரம் போகும். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் 1000 அல்லது 1200 எண் எமரி தாளை வைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, தட்டை எட்டு போடுவதுபோல் தேயுங்கள். முகம் முழுக்க ஒரே நிறம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். பிறகு நன்றாகக் கழுவுங்கள், எமரித் தூள் ஒரு துளி இருந்தாலும் ரப்பரில் பதிந்துகொள்ளும்.

---

பக்கக்கவசம்

ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். "டேப் மூடினாலும் கொஞ்சம் கசியும், கார்புரேட்டரில் நீடில் (போதுமான பெட்ரோல் வந்ததும் வழியை அடைக்கும் ஊசி) இருக்கிறதே, பரவாயில்லை" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இந்த எஞ்சின்களில் அது பரவாயில்லை அல்ல.

ரோட்டரி வால்வு எஞ்சினில் (கிராங்க் சுழன்றே இன்டேக் துளையைத் திறந்து மூடும் வகை) கார்புரேட்டர் நேராக கிராங்க் கேஸின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஃப்ளோட் நீடிலும் சேர்ந்து கசிந்தால் பெட்ரோல் இன்டேக் துளை வழியாக கிராங்க் கேஸுக்குள் இறங்கித் தேங்கும். கிளட்ச் பக்க ஆயில் சீல் பழையது என்றால் அங்கிருந்து கியர் ஆயிலோடு கலக்கும். கெட்டியான எஸ்ஏஈ 30 எண்ணெய் தண்ணீர்போல ஆகிவிடும், கியரும் பேரிங்கும் அதில்தான் ஓட வேண்டியிருக்கும்.

சோதிப்பது சுலபம். எஞ்சினில் "ஓலியோ" (இத்தாலிய மொழியில் எண்ணெய்) என்று எழுதிய மட்டத் திருகைத் திறந்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தாலோ, வண்டி நேராக நிற்கும்போது திறந்ததும் எண்ணெய் பீய்ச்சிக்கொண்டு வந்தாலோ கலந்திருக்கிறது. அடியில் உள்ள வடி போல்ட்டைக் கழற்றி முழுக்க வடித்து, புதிதாக 250 மில்லி எஸ்ஏஈ 30 ஊற்றுங்கள்.

கிராங்க் கேஸில் தேங்கியதை வெளியேற்ற: டேப்பை மூடி, டியூபையும் கழற்றி, பிளக்கை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்தபடி கிக் அடியுங்கள். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் புகைபோலச் சிதறும். அந்த நேரம் பிளக் ஒயர் துளைக்குப் பக்கத்தில் தொங்கினால் ஒரு பொறியில் தீப்பிடிக்கும். ஒயரைப் பிளக்கோடு சேர்த்து, துளையிலிருந்து தள்ளி, எஞ்சின் உலோகத்தில் அழுந்த எர்த் செய்து வையுங்கள்.

டேப்பை மாற்றும் அன்றே ஃப்ளோட் நீடிலையும் பாருங்கள். ஒன்றை மட்டும் சரிசெய்தால் பாதி வேலைதான்.

---

மரைப்பிடி

பக்கக்கவசம் சொன்னது மிக முக்கியம்.

இப்போது நட்டு. டேங்க்கை ஒரு பழைய போர்வை மேல் வைத்து, இன்னொருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சாவியை ஊற்றும் வாய் வழியாக நேராக இறக்கி, பித்தளைக் குழாய் சாவியின் குடைவுக்குள் போவதைக் கையால் உணர வேண்டும். குழாயின் மேல் சாவி சாய்ந்து இறங்கினால் குழாய் வளையும், ரிசர்வ் கணக்கு போய்விடும். மேலிருந்து பார்க்கும்போது இடப்பக்கச் சுழற்சி, அதாவது கடிகாரத்துக்கு எதிராகத் திருகினால் கழலும்.

டேப்பின் உடலைக் கீழிருந்து கையால் பிடித்தாலே போதும். பூட்டும் குறடு போட்டு மூக்கை மட்டும் பிடிக்கவே கூடாது. உடல் பெரும்பாலும் ஜிங்க் கலவை வார்ப்பு, மூக்கு முறிந்து வரும். நட்டு இறுகியிருந்தால் உள்ளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். சூடு காட்டுகிறேன் என்று யாரும் டார்ச்சை எடுக்காதீர்கள். காலி டேங்க்தான் நிரம்பிய டேங்க்கைவிட ஆபத்து, உள்ளே முழுக்க ஆவி.

பூட்டும்போது நட்டு டேங்க்குக்குள் விழாமலிருக்க, சாவியின் வாயில் கெட்டி கிரீஸ் கொஞ்சம் தடவி நட்டை ஒட்டவையுங்கள். நட்டு இரும்பென்றால் காந்தம் உதவும், பித்தளையென்றால் உதவாது. அதனால் விழவிடாமல் பார்ப்பதே நல்லது.

---

கிக்கர்

வாஷருக்கு என்ன போடுகிறீர்கள்? ஃபைபரா ரப்பரா? சிலிகான் பசை தடவலாமா? மரையில் டெஃப்லான் டேப் சுற்றலாமா? மெக்கானிக்குகள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

---

துருவாணி

டெஃப்லான் டேப் இங்கே எதற்கும் உதவாது. காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. நட்டு உள்ளே இருப்பதால் மரையே பெட்ரோலில் மூழ்கித்தான் கிடக்கிறது. பெட்ரோல் மரை வழியாக, துளையின் ஓரம் வழியாகக் கீழே வரும், அதைத் தடுப்பது டேப்பின் விளிம்புக்கும் டேங்க் வெளிமுகத்துக்கும் நடுவில் இருக்கும் வாஷர் ஒன்றுதான். மரையில் சுற்றிய டேப் இழை இழையாகப் பிய்ந்து போய் ரிசர்வ் துளையில் அடைக்கும். ஆக எந்தப் பயனுமில்லை, தொந்தரவு மட்டும்.

சாதாரண சிலிகான் பசை பெட்ரோலில் ஊதிப் பெரிதாகி, சோற்றுக் கஞ்சிபோல் குழைந்து கழன்றுவரும். கார்புரேட்டரின் ஜெட் வரை போகும். வேண்டாம்.

வாஷர் எதுவாக இருந்தாலும் முகம் சமமாக இருப்பதே முதலில் முக்கியம். துளையைச் சுற்றிப் பழைய பெயின்ட், துரு, பழைய வாஷரின் துணுக்கு எதுவும் இருக்கக்கூடாது. முன்பு யாராவது அதிகம் இறுக்கியிருந்தால் டேங்க் தகடு உள்பக்கம் குழிந்திருக்கும். ஒரு நேரான இரும்பு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். குழிவு தெரிந்தால் மரக்கட்டை வைத்துத் தட்டிச் சமமாக்குங்கள். தகடு மெல்லியது, இரும்புச் சுத்தியால் நேராக அடிக்காதீர்கள்.

பொருள் விஷயத்தில் என் தேர்வு வைட்டான் ரப்பர். எத்தனால் கலந்த பெட்ரோலில் மட்டமான ரப்பர் வீங்கிப் பிறகு காய்ந்து வெடிக்கும். நைட்ரைல் ஓரளவு தாங்கும். வைட்டான் இவற்றில் நீடித்து உழைக்கும். கார்க் வாஷர், வண்டி டேங்க் காலியாக நின்றால் சுருங்கும், மறுபடி நிரப்பும்போது கசியும்.

---

மரைப்பிடி

எனக்கு ஃபைபர் வாஷர்மேல் கொஞ்சம் மரியாதை உண்டு. டேப் திரும்பாது. ரப்பர் வாஷரில் நட்டை இறுக்கும்போது டேப் சேர்ந்து சுழன்று, அடையாளம் வைத்த கோட்டை விட்டு நகர்ந்துவிடும். ஆனால் ஃபைபருக்கு முகம் மிகச் சமமாக இருக்க வேண்டும் என்பது உண்மைதான். பழைய, தட்டு வாங்கிய டேங்க்குக்கு துருவாணி சொன்ன வைட்டானே சரி.

இறுக்கும் அளவு: ரப்பர் என்றால் கையால் திருகி நின்ற பிறகு கால் சுற்று. வாஷர் வெளியே பிதுங்கித் தெரிந்தால் அதிகம். ஃபைபர் என்றால் நின்ற இடத்திலிருந்து இன்னும் சற்று அழுத்தம். பெட்ரோல் ஊற்றி ஒரு நாள் கழித்து மறுபடி ஒரு சின்ன இறுக்கு கொடுத்துப் பாருங்கள், ஃபைபர் ஈரத்தில் கொஞ்சம் அமரும். இதற்கு மேல் பலம் காட்டினால் ஜிங்க் கலவை மரை உரிந்துபோகும், புது டேப்பும் வீண்.

---

கியர்நாலு

புது டேப் வாங்கினேன் என்று வையுங்கள். அதை அப்படியே மாட்டலாமா?

---

துருவாணி

மாட்டாதீர்கள். முதலில் மேசையிலேயே சோதியுங்கள். மாற்றுப் பாகங்களில் வார்ப்புப் பிசிறு துளைக்குள் நிற்கும், ரப்பரின் துளை உடலின் துளையோடு சரியாகப் பொருந்தாமல் பாதி மறைக்கும், பித்தளைக் குழாய் தளர்ந்திருக்கும்.

ஒரு மெல்லிய டியூபை மூக்கில் மாட்டி வாயால் ஊதுங்கள். மூடிய நிலையில் காற்று ஒரு துளியும் போகக்கூடாது. மெயினில் குழாயின் உச்சியில் மட்டும் காற்று வர வேண்டும், விரலால் உச்சியை அடைத்து ஊதினால் நிற்க வேண்டும். நிற்காமல் அடியிலிருந்து காற்று வந்தால் குழாய் அடியில் கசிகிறது. அப்படிப்பட்ட டேப்பில் மெயினிலேயே ரிசர்வ் பெட்ரோலும் சேர்ந்து வடிந்துவிடும், எச்சரிக்கையே இல்லாமல் வண்டி நடுவழியில் நிற்கும். பிறகு ரிசர்வில் வைத்து ஊதுங்கள், அடித்துளையில் நன்றாகக் காற்று வர வேண்டும்.

குழாயின் உயரத்தைப் பழைய டேப்போடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். டேங்க்கின் வடிவம் மாடலுக்கு மாடல் வேறு. குழாய் குட்டையாக இருந்தால் ரிசர்வ் குறையும், நெட்டையாக இருந்தால் டேங்க்கில் நிறைய இருக்கும்போதே ரிசர்வுக்குப் போக வேண்டிவரும்.

நிலைகளைப் பற்றிச் சின்னக் குறிப்பு. இத்தாலிய எழுத்து உள்ள லீவரில் "ஏ" என்றால் திறந்தது, "சி" என்றால் மூடியது, "ஆர்" என்றால் ரிசர்வ். "சி"யைப் பார்த்து வேறு ஏதோ என்று நினைத்து மூடிய டேப்போடு கிக் அடிப்பவர்கள் உண்டு.

---

கிக்கர்

டேங்க்கில் துரு இருந்தால் டேப்பை மாற்றுவதற்கு முன்பே நீக்க வேண்டுமா, பிறகா?

---

மரைப்பிடி

முன்பே. அதுவும் டேப்பைக் கழற்றி எடுத்த பிறகு. சிட்ரிக் அமிலமோ வினிகரோ ஊற்றித் துரு எடுக்கும்போது நல்ல டேப் உள்ளே இருந்தால் அமிலம் ஜிங்க் உடலைத் தின்றுவிடும். துளையை ரப்பர் அடைப்பானால் அடைத்துவிட்டு வேலை செய்யுங்கள். பழைய, எறியப்போகும் டேப் இருந்தால் அதையே அடைப்பாகப் பயன்படுத்தலாம்.

துரு நீக்கியதும் சோடா உப்புக் கரைசலால் அமிலத்தை முறித்து, கழுவி, உடனே உலர்த்தி, கொஞ்சம் எண்ணெய் கலந்த பெட்ரோலைச் சுழற்றி ஊற்றுங்கள். ஈரத்தோடு வைத்தால் மறுநாளே மஞ்சள் துரு படரும்.

உள்ளே பூச்சு போடுபவர்கள் டேப் உட்காரும் முகத்திலும் துளையின் ஓரத்திலும் பூச்சு தேங்காமல் பார்க்க வேண்டும். அங்கே தடித்த பூச்சின்மேல் நட்டு உட்கார்ந்தால் கொஞ்ச நாளில் பூச்சு உடையும், நட்டு தளரும்.

---

பக்கக்கவசம்

டியூபைப் பற்றி யாரும் பேசவில்லை. டேப்பை மாற்றிய பிறகு "வண்டி நன்றாகத்தான் கிளம்புகிறது, வேகத்தில் போனால் மூச்சு வாங்குகிறது, ஆக்சிலரேட்டரை விட்டால் சரியாகிறது" என்று வருகிற புகாரில் பாதிக்கு டியூப்தான் காரணம்.

இந்த வண்டிகளில் டேங்க்கின் அடிக்கும் கார்புரேட்டருக்கும் உயர வித்தியாசம் மிகக் குறைவு. பெட்ரோல் தன் கனத்தால் மட்டுமே இறங்குகிறது, பம்ப் எதுவும் இல்லை. டியூப் எங்காவது மேலேறி வளைந்து இறங்கினால் அந்த மேட்டில் காற்றுக்குமிழி நின்றுவிடும், பெட்ரோல் மெல்லிய நூலாகத்தான் வரும். அதனால் டேப்பிலிருந்து கார்புரேட்டர் வரை டியூப் தொடர்ந்து இறக்கமாகவே போக வேண்டும்.

நீளம் எவ்வளவு என்று அளந்து வெட்டிக்கொண்டு பூட்டாதீர்கள். டேப்பில் மாட்டி, கிளிப் போட்டு, கூடுதல் நீளத்தோடு பாடித் துளை வழியாகக் கார்புரேட்டர் பெட்டிக்குள் விடுங்கள். ஒருவர் டேங்க்கை இறக்க, இன்னொருவர் கார்புரேட்டர் பக்கம் மெல்ல இழுத்துக்கொண்டே வர வேண்டும். டேங்க் சரியாக உட்கார்ந்த பிறகு கார்புரேட்டர் பக்கத்தில் தேவையானதை மட்டும் விட்டு நேராக வெட்டுங்கள். "அடுத்த முறை டேங்க் தூக்க வசதியாக இருக்கட்டும்" என்று நீளமாக விட்டால் பெட்டிக்குள் மடிந்து நெரியும். அடுத்த முறை கார்புரேட்டர் பக்கம் கழற்றினால் டேங்க் எப்படியும் வந்துவிடும்.

மலிவான தெளிவான பிளாஸ்டிக் டியூப் சில மாதத்தில் மஞ்சளாகி விறைத்துவிடும், சூட்டில் மூக்கிலிருந்து நழுவும். பெட்ரோலுக்கென்றே செய்த ரப்பர் டியூப், மூக்கின் அளவுக்கு இறுக்கமாக. மாட்டக் கடினமாக இருந்தால் முனையை வெந்நீரில் தோயுங்கள்.

---

கியர்நாலு

நடுவில் ஃபில்டர் போடலாமா?

---

பக்கக்கவசம்

நான் போடமாட்டேன். காகித ஃபில்டர் பம்ப் உள்ள வண்டிக்கானது. இங்கே இருக்கும் சொற்ப அழுத்தத்தை அதுவே தின்றுவிடும், இடமும் இல்லை, டியூபும் வளையும். டேப் குழாயின்மேல் வலை, கார்புரேட்டரின் டியூப் இணைப்புக்குள் ஒரு வலை என்று ஏற்கெனவே இரண்டு உள்ளன. அவற்றைச் சுத்தமாக வைத்தால் போதும்.

---

துருவாணி

துருவெடுத்த டேங்க்கில் முதல் சில வாரத்துக்கு மட்டும் நைலான் வலை ஃபில்டர் சின்னதாகப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தங்கிய தூள் வலையில் சிக்குவதைப் பார்க்க முடியும். தூள் வருவது நின்றதும் எடுத்துவிடுங்கள். நிரந்தரமாக வேண்டாம் என்பதில் பக்கக்கவசத்தோடு உடன்படுகிறேன்.

---

கிக்கர்

பெட்ரோல் போதுமான அளவு வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? "நல்லா வருது" என்பதற்கு ஒரு எண் வேண்டுமே.

---

மரைப்பிடி

கணக்கு போட்டுப் பார்க்கலாம். 75 கிலோமீட்டர் வேகத்தில் லிட்டருக்கு 25 கிலோமீட்டர் தரும் வண்டி மணிக்கு 3 லிட்டர் குடிக்கும். நிமிடத்துக்கு 50 மில்லி. முழு ஆக்சிலரேட்டரில் ஏற்றம் ஏறினால் இதைவிட ஒன்றரை மடங்கு என்று வைத்தாலும் 75 மில்லிதான். வண்டி ஓடும்போது ஃப்ளோட் நீடிலும் தடையாக நிற்கும், வலைகளும் உண்டு. எனவே டியூபின் திறந்த முனையில் நிமிடத்துக்குக் குறைந்தது 200 மில்லி வர வேண்டும் என்பது நான் வைக்கும் அளவுகோல். ரிசர்வில், டேங்க் காலியாகும் தறுவாயில், 150க்குக் கீழே வந்தால் டேப்பையோ டியூபையோ சந்தேகப்படுவேன்.

எடுக்கும் முறையும் முக்கியம். டியூபின் முனையைக் கார்புரேட்டர் இணைப்பின் உயரத்திலேயே பிடித்து, அளவுக் குவளையில் விடுங்கள். தரையில் குவளையை வைத்து டியூபைத் தொங்கவிட்டால் உயரம் கூடி எண் பொய் சொல்லும். டேங்க் நிரம்பி இருக்கும்போது மட்டும் அளந்தாலும் பயனில்லை, கால் டேங்க்கில் அளங்கள்.

டேங்க் மூடியைப் போட்டே அளங்கள், மூன்று நிமிடம் தொடர்ந்து. முதல் நிமிடம் 250, மூன்றாவது நிமிடம் 80 என்று இறங்கினால் டேப்பில் குறையில்லை, மூடியின் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது. மூடியைத் தளர்த்தியதும் "உஸ்" என்று காற்று உள்ளே போனால் உறுதி.

---

கியர்நாலு

மிக்க நன்றி. கடைசியாக, லீவர் கம்பியை மாட்டியதும் நிலைகள் மாறிப்போகின்றன, மூடினால் ரிசர்வ் வருகிறது என்று சொல்பவர்களுக்கு?

---

துருவாணி

கம்பி தண்டின் பிளவில் 180 டிகிரி தப்பாக உட்கார்ந்திருக்கும், இல்லையென்றால் நட்டை இறுக்கும்போது டேப்பே சுழன்றிருக்கும். டேங்க்கை இறக்குவதற்கு முன் டேப்பைக் கையால் மூடிய நிலைக்குத் திருப்பி, லீவரை "சி"யில் வைத்துக் கம்பியை நுழைத்துவிடுங்கள். ஸ்பிளிட் பின் எப்போதும் புதிது. பழையதை நிமிர்த்திப் போட்டால் உடைந்து விழும், லீவர் திரும்பும் ஆனால் டேப் திரும்பாது. பின்னின் கால்களை நன்றாகப் பிரித்து, டியூபை உரசாதபடி மடக்குங்கள்.

கம்பி இறுக்கமாகத் திரும்பினால் லீவரை முறுக்காதீர்கள். டேப் கோட்டை விட்டு விலகியிருக்கும், கம்பி சாய்வாக நின்று பாடி ரப்பரில் உரசும். அந்தச் சாய்வு நாளடைவில் தண்டின் பக்கவாட்டில் தேய்மானம் ஏற்படுத்தி மறுபடி கசியவைக்கும். டேங்க்கைத் தூக்கி டேப்பை நேராக்குவதுதான் வழி.

---

பக்கக்கவசம்

ஆட்டோலூப் (எண்ணெயைப் பம்ப் மூலம் தானாகக் கலக்கும் ஏற்பாடு) உள்ள வெஸ்பா பிஎக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. டேங்க்கோடு எண்ணெய்த் தொட்டியும் சேர்ந்தே வரும். எண்ணெய் டியூபையும் கழற்றி முனையை அடைக்க வேண்டும், அளவு பார்க்கும் கண்ணாடியையும் டேங்க் தூக்கும்போது உடைக்காமல் பார்க்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது எண்ணெய் டியூபில் காற்று நிற்கும். பம்ப் பக்கம் இணைப்பைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் எண்ணெய் வரும்வரை வடியவிட்டு இறுக்குங்கள். அதன்பிறகும் முதல் டேங்க்குக்கு, முன்னெச்சரிக்கையாக, பெட்ரோலில் 2 சதவீதம் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்தே ஓட்டுங்கள், லிட்டருக்கு 20 மில்லி. கொஞ்சம் புகை அதிகம் வரும். எண்ணெய் இல்லாமல் பிஸ்டன் இறுகுவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

---

மரைப்பிடி

சரியான சேர்க்கை. எல்லாம் பூட்டியதும் சீட்டை உடனே போட்டுவிடாதீர்கள். ஒரு லிட்டர் ஊற்றி, டேப் மூடிய நிலையில் டிஷ்யூ கட்டி ஒரு மணி நேரம், திறந்த நிலையில் இன்னொரு மணி நேரம். இரண்டிலும் தாள் காய்ந்திருந்தால் முழு டேங்க் நிரப்பி மறுபடி ஒருமுறை பாருங்கள், பெட்ரோலின் உயரம் கூடினால் அழுத்தமும் கூடும். அதிலும் காய்ந்திருந்தால் சீட்டைப் பூட்டலாம்.